டிரிப் பில்டர்ல சிக்கற நத்தையும், அது நம்ம குட்டைக்கு வந்து சேர்ற வழியும்

பண்ணைக்குட்டையில இருந்து டிரிப்புக்கு (சொட்டு நீர்ப் பாசனத்துக்கு) தண்ணி எடுக்கறவங்க போன் பண்ணி "கடைசி வரிசை மாஞ்செடிக்கு சொட்டே விழலப்பா"ன்னு சொன்னா, இப்பல்லாம் மோட்டாரப் பத்தி அப்புறம்தான் கேக்கறேன். மொதல்ல கேக்கறது குட்டையில தாமரை, அல்லின்னு ஏதாச்சும் செடி விட்டிருக்கீங்களா, மீன் விட்டீங்களா, குஞ்சு எங்க வாங்கினது, வேற ஏரியில போட்ட வலைய யாராச்சும் கொண்டாந்து உங்க குட்டையில வீசினாங்களா, இதத்தான். டிரிப்பு அடைப்புக்கும் தாமரைக்கும் என்னப்பா சம்பந்தம்னு கேப்பாங்க. சம்பந்தம் இருக்கு, அதச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், குட்டை வெச்சிருக்கறவங்க பொறுமையா படிங்க.

டிரிப் மாட்டறது, ரிப்பேர் பாக்கறது, மோட்டார் எறக்கி ஏத்தறது இதான் என் வேலை. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பாரூர், மத்தூர் சுத்துவட்டம், தருமபுரி மாவட்டத்துல காரிமங்கலம், பாலக்கோடு, மாரண்டஅள்ளி வரைக்கும் போவேன். முன்னல்லாம் அடைப்புன்னா பாசி, சேறு, உப்பு அவ்ளோதான். நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு, டிரிப்பர் வாயில வெள்ளையா கட்டிக்கும், ஆசிட் விட்டா சரியாயிடும். ஆனா சில வருசமா ஒரு சில தோட்டத்துல டிஸ்க் பில்டரக் கழட்டினா தட்டு இடுக்கெல்லாம் பழுப்பு கலர்ல அரிசி சைஸுக்கு நத்தை, சிலது நசுங்கி கூழாயிருக்கும், சிலது உசிரோட நகரும், கூடவே கண்ணாடி மாதிரி வழவழன்னு ஒரு பிசின், அதுக்குள்ள புள்ளி புள்ளியா முட்டை. நாத்தம் வேற. கழுவி மாட்டிட்டு வந்தா ரெண்டு வாரத்துல திரும்ப போன் வரும்.

120 மெஷ் பில்டர்ல ஓட்டை 0.13 மில்லிமீட்டர்தான், அப்பத்தான் பொரிஞ்ச குஞ்சு நத்தை கூட அதுல நுழைய முடியாது. அப்பறம் எப்படி லேட்டரல் பைப் (செடி வரிசையோரம் போற சின்ன பைப்) வரைக்கும் போகுதுன்னா, மெஷ் எங்கயாச்சும் கிழிஞ்சிருக்கும், இல்ல பில்டர் அடைச்சுக்கிட்டு பிரஷர் கொறையுதுன்னு பைபாஸ் வால்வத் தொறந்து விட்டிருப்பாங்க, இல்ல கழுவறப்ப தட்டப் பிரிச்சு அங்கயே தட்டினதுல முட்டையும் குஞ்சும் அவுட்லெட் பக்கம் விழுந்திருக்கும். உள்ள போயிட்டா பைப்புக்குள்ள படிஞ்ச வழவழப்பத் தின்னே வளரும், வளந்தப்பறம் டிரிப்பர் வாய்க்கு வந்து நிக்கும். அதனால பில்டரத் தனியா வெளியில எடுத்துட்டுப் போய் பக்கெட்ல கழுவுங்க. கழுவின தண்ணிய மரத்துப் பாத்தியில ஊத்துங்க, திரும்ப குட்டையில ஊத்தாதீங்க. நான் பாத்த முக்காவாசி எடத்துல பேக்வாஷ் பைப்ப, அதாவது பில்டர் கழுவின தண்ணி வெளிய வர்ற பைப்ப, குட்டைக்கே திருப்பி வெச்சிருக்காங்க, தண்ணி வீணாகக் கூடாதுங்கற நல்ல எண்ணத்துலதான், ஆனா நத்தைய எடுத்து மறுபடி வீட்டுக்கே அனுப்பற மாதிரி ஆயிடுது.

இந்த நத்தை எதுன்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. ஓட்டோட கூர் முனை மேல பாக்கற மாதிரி, வாய் உங்களப் பாக்கற மாதிரி கையில புடிங்க. வாய் வலது பக்கம் இருந்தா நம்ம ஊரு நத்தையில பெரும்பாலானது அப்படித்தான். வாய் இடது பக்கம் இருந்து, ஓடு மெல்லிசா பளபளன்னு, சீக்கிரம் நசுங்கற மாதிரி, வாய மூட மூடி இல்லாம இருந்தா அது பெரும்பாலும் பைசாங்கற இனம். பைசா அக்யூட்டாங்கறது வட அமெரிக்காவுல பொறந்த நத்தை, மீன்தொட்டி செடியோட ஒட்டிக்கிட்டு உலகம் பூரா பரவினது, இந்தியாவுலயும் இருக்கு. ஆணும் பொண்ணும் ஒரே உடம்புல, ஜோடி கெடைக்கலன்னா தன்னத்தானே கரு சேத்துக்கும். அதாவது ஒத்த நத்தை உங்க குட்டைக்கு வந்தாப் போதும், கூட்டம் ஆயிடும். காத்து சுவாசிக்கறதால கெட்டுப்போன தண்ணியிலயும் நல்லா இருக்கும். ஓசூர் பக்கம் சாக்கடை கலக்கற ஓடையில கல்லப் பெரட்டினா வேற எதுவும் இருக்காது, இது மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

வட்டமா சப்பையா தட்டு மாதிரி இருக்கறது ஒண்ணு உண்டு, இண்டோபிளானார்பிஸ்னு பேரு, அதுவும் இடம்புரிதான், ஆனா நம்ம ஊருது. அதையும் பைசாவையும் கொழப்பிக்காதீங்க, உருவமே வேற.

இந்த மூடி விசயத்த எனக்கு மொதல்ல சொன்னது புத்தகமில்ல. போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போனப்ப பாரூர் பக்கத்துல இருந்து வந்த ஒரு ஆயா நத்தை குவிச்சு வித்துக்கிட்டு இருந்தாங்க. பில்டர்ல எடுத்த நத்தை போட்டோவ போன்ல காட்டி "ஆயா, இது உங்க பக்கம் ஏரியில இருக்கா?"ன்னு கேட்டேன். கண்ணச் சுருக்கிப் பாத்துட்டு, "இது பொடிப்பய நத்தடா சாமி, ஓரமா பிளாஸ்டிக் கவர்ல எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும். முன்ன நான் பாத்ததில்ல. மூடி போட்டுக்கறது மட்டும்தான் நாங்க கறிக்கு எடுப்போம், மூடியில்லாதத தொடறதே இல்ல"ன்னாங்க. அப்பறம் தன் குவியல்ல இருந்து ஒண்ண எடுத்து மூடியத் தட்டிக் காட்டினாங்க, "வெயில் காலத்துல ஏரி காஞ்சுட்டா மூடிக்கிட்டு சேத்துக்குள்ள போயிரும், மழ வந்தா எந்திரிச்சு வரும்." பைலாங்கற நம்ம பெரிய நத்தையப் பத்தி விஞ்ஞானிங்க எழுதி வெச்சிருக்கறதும் இதேதான், மாசக்கணக்குல மண்ணுக்குள்ள தூங்கும். வருசம் பூரா ஏரிக்கரையில இருக்கறவங்களுக்குத்தான் எது புதுசு எது பழசுன்னு மொதல்ல தெரியும். அவங்களக் கேட்டுட்டு அப்பறம் மருந்தத் தேடுங்க.

ஏன்னா நெறைய பேரு நத்தைன்னு பேர் கேட்டாலே எல்லாத்தையும் அழிக்கணும்னு கெளம்பிடறாங்க. நம்ம பைலாவும், ஊமச்சியும், ஏரி மட்டியும் காலங்காலமா இங்க இருக்கறது. லாமெலிடென்ஸ்னு சொல்ற அந்தக் கறுப்பு மட்டி நாள் பூரா தண்ணிய உறிஞ்சி வடிகட்டி விட்டுக்கிட்டே இருக்கும், பாசியும் கலங்கலும் அதனால கொறையும். நத்தைகுத்தி நாரை நம்ம ஏரிக்கு வர்றதே இதுங்களத் திங்கத்தான், அலகு நடுவுல இடைவெளி இருக்கும் பாருங்க, பிடிக்கறதுக்குன்னே அமைஞ்சது. பில்டர் அடைக்குதேன்னு ஏரி ஓரத்துல மயில்துத்தம் கொட்டினா அந்த மட்டியும் போயிரும், மீனும் போயிரும், பைசா மட்டும் எங்கயாச்சும் ஒரு மூலையில முட்டையா உக்காந்திருந்து திரும்ப வரும்.

இன்னொண்ணு. நம்ம ஊரு நத்தையும் வெளியூர்ல போய் இதே தொந்தரவக் குடுக்குது. நீளமா கூம்பு மாதிரி இருக்குமே, மெலனாய்ட்ஸ், அது ஆசியா ஆப்பிரிக்காவுல இயல்பா இருக்கறது, ஆணே இல்லாம பொண்ணே குட்டி போடும், மீன்தொட்டி வழியா அமெரிக்கா போய் அங்க பெரிய தலைவலி. மேல சொன்ன தட்டு நத்தை ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கு. அதுங்க தானா கடல் தாண்டல. மனுசன்தான் செடியோடயும் மீனோடயும் தூக்கிட்டுப் போனான்.

சரி, நம்ம பக்கம் எப்படி வருது. நான் பாத்த வரைக்கும் பெரிய வழி செடிதான். மாடித்தோட்டம் வெக்கறவங்க போன்ல ஆர்டர் பண்ணி தாமரைக் கிழங்கு, அல்லி வாங்கறாங்க, கூரியர்ல ஈரத்துணியோ பஞ்சோ சுத்தி வருது, அது கூடவே வேர்ல பிசின் முட்டையும் வருது. தொட்டியில நல்லா பரவினதும் மிச்சத்த எங்க போடறதுன்னு தெரியாம பக்கத்துக் குட்டையில போடறாங்க. காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு தோட்டத்துல இப்படித்தான் ஆரம்பிச்சுது. அந்த அண்ணன் பாலித்தீன் ஷீட் போட்ட குட்டை, போர் தண்ணி மட்டும்தான் விடறாரு, மீன் இல்ல, ஏரித் தண்ணி இல்ல, அப்பறம் எங்க இருந்து நத்தைன்னு அவருக்கே புரியல. வீட்டு வாசல்ல சிமெண்ட் தொட்டியில அழகா ஊதா அல்லி பூத்திருந்தது, எலையத் திருப்பிப் பாத்தேன், அடியில அதே பிசின். அக்காகிட்ட கேட்டேன், "இந்தச் செடி குட்டையிலயும் போட்டீங்களா அக்கா?" "ஆமாப்பா, நாலு கொத்து போட்டேன், தண்ணி சூடாகாம இருக்கும்னு சொன்னாங்களே."

யார் மேலயும் கோவப்பட இதுல ஒண்ணும் இல்ல, செடியோட நத்தை வரும்னு யாரும் அவங்களுக்குச் சொன்னதே இல்ல. விக்கறவங்க சொல்லியிருக்கணும்.

அந்தக் குட்டையச் சுத்தம் பண்ண சித்திரை வரைக்கும் காத்திருந்தோம். தண்ணிய எறைச்சு முழுசா தென்னைக்கும் மாவுக்கும் பாய்ச்சினாரு, ஓடையில விடல, விட்டா அந்த ஓடை தென்பெண்ணைக்குப் போகுது. ஷீட்டு மேல இருந்த சேற சொரண்டி வெயில்ல பரப்பினோம். பைசாவுக்கு மூடி இல்லாததால நல்ல வெயில்ல காஞ்சா செத்துடும், ஆனா ஷீட்டு மடிப்புலயும் மூலையிலயும் ஈரம் நின்னா அங்க பொழச்சுக்கும், அதனால மூலைக்கு மூலை தண்ணி தொடச்சு சுட்ட சுண்ணாம்பு தூவினோம் (கையுறை, கண்ணாடி போட்டுக்கிட்டு தூவணும், ஈரத்துல பட்டா கொதிக்கும்). அல்லித் தொட்டியும் காலி பண்ணி செடிய வெயில்ல போட்டு காயவெச்சு எரிச்சாச்சு, அக்காவுக்கு அதுதான் பெரிய வருத்தம். பைப்ப எண்ட் கேப் கழட்டி வரிசை வரிசையா பிளஷ் பண்ணோம். அதுக்கப்பறம் ஆசிட் ட்ரீட்மெண்ட். நத்தை ஓடும் சுண்ணாம்புதான், அதனால உப்புக் கரைய விடற ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டு பைப்புல செத்துக் கெடக்கற ஓட்டையும் கரைக்கும்.

இங்க ஒரு எச்சரிக்கை, தயவு செஞ்சு கவனமா படிங்க. சில பேரு ஆசிட்டு விட்ட கையோட பிளீச்சிங் பவுடர் தண்ணியும் விடறாங்க, ரெண்டும் சேந்தா கிளம்பறது குளோரின் வாயு, நுரையீரல அரிச்சுடும். ஒரு நாள் ஆசிட்டு, நல்லா வெறுந்தண்ணி விட்டு அலசி, வேற நாள்தான் குளோரின். ஆசிட்டத் தண்ணியில ஊத்தணும், தண்ணிய ஆசிட்டுல ஊத்தக் கூடாது.

எல்லா குட்டையையும் அப்படி காய வெக்க முடியாது, தெரியும். மண் குட்டைன்னா அடியில ஈரம் போகவே போகாது, தண்ணிக்கு வேற வழியும் இருக்காது. அப்படிப்பட்டவங்களுக்கு நான் செஞ்சு குடுக்கறது தண்ணி எடுக்கற எடத்த மாத்தறது. நத்தை எப்பவும் எதையாச்சும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், கரையோரம், செடி, அடித்தரை. புட்வால்வ (மோட்டார் தண்ணி உறிஞ்சற வாய) தரையில போடாம ரெண்டு காலி கேன் கட்டி மெதக்க விட்டு, குட்டை நடுவுல, தண்ணி மட்டத்துல இருந்து ரெண்டு அடி கீழ தொங்கற மாதிரி வெச்சு, சுத்தி ஒரு பெரிய கம்பிக்கூண்டு, அதுமேல நைலான் வலை. கூண்டு பெருசா இருக்கணும், சின்னதா இருந்தா உறிஞ்சற வேகத்துல பாசி இழுத்து ஒட்டி மோட்டார் காத்து வாங்கும். மாசம் ஒருக்கா வலையக் கழட்டி வெயில்ல போட்டு வேற வலை மாட்டணும். இத மட்டும் பண்ணவங்களுக்கே பில்டர் கழுவற வேலை நல்லா கொறைஞ்சிருக்கு. நத்தை போகல, குட்டையில இருக்கு, ஆனா பைப்புக்கு வர்றது கொறைஞ்சுது.

மீன் விடப் போறவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. குஞ்சு விடறதுக்கு முன்னாடி வேண்டாத மீன ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கு போடுவாங்க இல்லையா, அதுல இருக்கற சபோனின் நத்தையையும் கொல்லும். அளவு 250 பிபிஎம், அதாவது 1000 லிட்டருக்கு 250 கிராம், 10 லட்சம் லிட்டர் குட்டைக்கு 250 கிலோ. வெசம் அடங்க ரெண்டு மூணு வாரம் ஆகும், அப்பறம் அதுவே உரமாயிடும். ஆனா மூடி நத்தை மூடிக்கிட்டு தாக்குப் புடிக்கும், முட்டையும் தப்பிக்கும், அதனால முழுசா போயிடும்னு நம்பாதீங்க. குட்டை நெறைஞ்சா தண்ணி ஏரிக்கோ ஓடைக்கோ வழியற மாதிரி இருந்தா இத நெனைக்கவே வேண்டாம். மெட்டால்டிஹைடு கலந்த நத்தை மாத்திரை கடையில கெடைக்குது, அது தோட்டத்து நத்தைக்கானது, நாய் தின்னா செத்துடும், மாடும் தப்பாது, தண்ணி ஓரத்துல அதக் கொண்டே வரக் கூடாது.

வாத்து விடலாமான்னு கேப்பாங்க. மண் குட்டைக்கு நல்லதுதான், ஓரத்துல இருக்கறத எல்லாம் கொத்தித் திங்கும். ஷீட்டு குட்டையில வேண்டாம், வழுக்கி ஏற முடியாம தவிக்கும், எச்சத்துல பாசி வேற கூடும்.

மீன்குஞ்சு பாக்கெட் விசயம். ஆக்சிஜன் புடிச்ச பாக்கெட்ட குட்டைத் தண்ணியில கொஞ்ச நேரம் மெதக்க விட்டு சூடு சமமானதும் அப்படியே கவுத்துடறோம். அந்தத் தண்ணி எந்த ஊருத் தண்ணி, அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பாக்கெட்டுல கொஞ்சம் கொஞ்சமா நம்ம குட்டைத் தண்ணிய சேத்து பழக்கிட்டு, ஒரு பக்கெட்டு மேல மெல்லிசு வலை புடிச்சு குஞ்ச வலையில வாங்கி விடுங்க, பாக்கெட்டுத் தண்ணிய மரத்தடியில ஊத்துங்க. அஞ்சு நிமிசம் கூட ஆகும், அவ்ளோதான். மட்டிய மட்டும் இப்படித் தடுக்க முடியாது, ஏன்னா ஏரி மட்டியோட குஞ்சு மீன் செவுள்ல ஒட்டிக்கிட்டுதான் வளரும், கண்ணுக்கே தெரியாது. சீனாவோட குளத்து மட்டி ஒண்ணு ஐரோப்பாவுக்குப் போனது இப்படித்தான், வளப்புக்குன்னு கொண்டு போன கெண்டை மீன் செவுள்ல உக்காந்து. அதனால குஞ்சு வாங்கற எடத்துல தாய் மீன் எங்க இருந்து வருதுன்னு கேளுங்க. முத்து வளக்கறேன்னு வீடியோ பாத்துட்டு வேற மாநிலத்துல இருந்து மூட்டையில மட்டி வரவழைக்கற பழக்கம் வேற ஆரம்பிச்சிருக்கு. முத்துக்கு நம்ம லாமெலிடென்ஸே ஆகும், புவனேஸ்வர்ல இருக்கற மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் முத்து தொழில்நுட்பத்த உருவாக்கினதே இந்த இனத்த வெச்சுத்தான்.

நான் பைப் வேலை செய்யறவன், அதனால மட்டிப் பேச்சு வந்தா எனக்கு வயித்தக் கலக்கும். 1988ல கனடா அமெரிக்கா எல்லையில செயின்ட் கிளேர் ஏரியில ஜீப்ரா மட்டின்னு ஒண்ணக் கண்டுபுடிச்சாங்க, கருங்கடல் காஸ்பியன் பக்கத்துது, கப்பல்ல எடைக்கு ஏத்தற தண்ணியோட வந்தது. நக அளவுதான் இருக்கும், ஆனா நம்ம ஏரி மட்டி மாதிரி சேத்துல கெடக்காது, நூல் விட்டு பைப்பு சுவத்துல ஒட்டிக்கும், அதுமேல இன்னொண்ணு, அதுமேல இன்னொண்ணு. ஒரு பொட்ட மட்டி வருசத்துக்கு பத்து லட்சம் முட்டை வரைக்கும் விடும். அடுத்த வருசமே மிச்சிகன்ல மன்ரோங்கற ஊருக்கு குடிதண்ணி எடுக்கற பைப்பு அடைச்சு ஊரே தண்ணியில்லாம நின்னுது. 1991ல தென் அமெரிக்காவுல தங்க மட்டின்னு இன்னொண்ணு, அது சீனாவுது. 2021ல அமெரிக்காவுல மீன்தொட்டிக் கடையில விக்கற பாசி உருண்டைக்குள்ள உசிரோட ஜீப்ரா மட்டி இருந்தது தெரிஞ்சு கடை கடையா திரும்ப வாங்கினாங்க. அந்த உருண்டை உக்ரைன்ல இருந்து வந்தது. இத்தனை நாடு தாண்டி ஒரு அலங்காரப் பொருளுக்குள்ள வந்து சேருதுன்னா நம்ம ஊருக்கு கூரியர் வராதா. புளோரைடு தண்ணியில பல்லும் எலும்பும் கெட்டு எத்தனையோ வருசம் கஷ்டப்பட்டப்பறம்தான் இந்த ரெண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் தண்ணி பைப்புல வருது. அந்தப் பைப்புக்குள்ள இப்படி ஒண்ணு ஒட்டினா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க.

தமிழ்நாட்டுல மட்டி ஆக்கிரமிப்ப நேரடியா அனுபவிக்கறது எண்ணூர், பழவேற்காடு மீனவங்கதான். காக்கா ஆழின்னு அவங்க சொல்றது, மத்திய, தென் அமெரிக்காவோட கடற்கரை மட்டி, ஆத்து முகத்துல தரை பூரா கம்பளமா மூடி எறா தங்க எடமில்லாம பண்ணிடுச்சு. அந்தச் செய்தியப் படிச்சுட்டு கே.ஆர்.பி. டேம்ல (நம்ம கிருஷ்ணகிரி அணையில) அது வந்துடுமான்னு ரெண்டு மூணு பேரு என்னக் கேட்டாங்க. வராது, அது உப்பு கலந்த தண்ணியில வாழறது, நம்ம அணையில நெலைக்காது. ஆனா அவங்க பட்ட பாட்டப் பாத்தா, வந்தப்பறம் எடுக்கறது எவ்ளோ கஷ்டம்னு புரியும்.

நம்ம ஏரிங்க ஒண்ணுக்கொண்ணு சங்கிலி. பெங்களூரு பக்கத்துத் தண்ணி கெலவரப்பள்ளி அணை வழியா கே.ஆர்.பி. டேமுக்கு வருது, அதுக்குக் கீழ நெடுங்கல் தடுப்பணையில இருந்து பாரூர் பெரிய ஏரிக்கு வாய்க்கால் பிரியுது. மேல ஒரு எடத்துல விட்டது கீழ எல்லாருக்கும் வரும். தண்ணி வர்ற வழிய நம்மால மறிக்க முடியாது, ஆனா கீழ இருந்து மேலயும், ஒரு ஏரியில இருந்து சம்பந்தமே இல்லாத இன்னொரு ஏரிக்கும் போறது வலையும் பரிசலும் டேங்கர் லாரியும் வழியாத்தான். வலை போடற ஒரு மாமாகிட்ட இதப் பேசினேன். "நாலு நாள் வலைய காய வெச்சா நாலு நாள் சோத்துக்கு என்ன மாப்ள பண்றது?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. அப்பறம் அவரே ஒரு வழி சொன்னாரு, டேமுக்கு ஒரு செட்டு வலை, குட்டைக்காரங்க கூப்புட்டா போட தனியா ஒரு செட்டு, ரெண்டும் கலக்கறதில்ல. குட்டை வெச்சிருக்கறவங்களே நாலஞ்சு பேரு சேந்து பொதுவா ஒரு வலை வாங்கி வெச்சா இன்னும் நல்லது, ஒரு குட்டையில போட்டதும் நல்லா ஒதறி, மூடி நத்தைய கையால பொறுக்கி, மொறமொறன்னு காயற வரைக்கும் வெயில்ல போட்டுட்டு அடுத்தவரு எடுத்துக்கலாம். அவசரம்னா கை பொறுக்காத சுடுதண்ணி, 60 டிகிரி, அதுல முக்கி எடுக்கலாம், நைலான் தாங்கும்.

ஆடு மாடு வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஈரல்ல வர்ற தட்டைப்புழுவும், மாடு மூக்கடைச்சு கொறட்டை விடற நோயும் நம்ம ஊரு கொளத்து நத்தை வழியாத்தான் வருது. நத்தை பெருகின குட்டையோரம் புல்லு பச்சையா இருக்கேன்னு கட்டாதீங்க, தண்ணிய தொட்டியில எடுத்து ஊத்துங்க, மழைக்காலம் முடிஞ்சதும் கால்நடை டாக்டர்கிட்ட குடற்புழு மருந்து கேளுங்க. மூலத்துக்கு நல்லதுன்னு நத்தைய அரை வேக்காட்டுல திங்கறதும் வேண்டாம், அதுல இருக்கற எலி நுரையீரல் புழு மூளை வரைக்கும் போகும். நல்லா வெந்தா பயமில்ல.

கடைசியா ரோஸ் கலர் முட்டை. தென் அமெரிக்காவோட தங்க நத்தை, பொமேசியா, 1980 வாக்குல திங்கறதுக்குன்னு தைவானுக்கும் அப்பறம் பிலிப்பைன்ஸுக்கும் கொண்டு போனாங்க, யாரும் விரும்பி வாங்கல, வயலுக்குத் தப்பிச்சுது, நட்ட எளம் நாத்த ராத்திரியோட ராத்திரியா அறுத்துத் தின்னுது. உலகத்துலயே மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியல்ல அது இருக்கு. ஐரோப்பிய ஒன்றியம் அந்த இனம் மொத்தத்தையும் 2012ல தடை பண்ணிடுச்சு. அதோட சொந்தக்கார நத்தைய மஞ்சளா அழகா இருக்குன்னு மீன்தொட்டிக் கடையில மிஸ்டரி நத்தைன்னு விக்கறாங்க. சின்னதுல எதுன்னு பிரிச்சு சொல்றது ரொம்ப கஷ்டம், அதனால அலுத்துப்போச்சுன்னு ஏரியில மட்டும் விட்டுடாதீங்க, வேண்டாம்னா கடைக்கே திருப்பிக் குடுங்க. நம்ம பைலா முட்டை வெள்ளை, கரை மண்ணுல பள்ளத்துல இருக்கும். தங்க நத்தை முட்டை பளிச்சுன்னு ரோஸ் கலர்ல கொத்தா, தண்ணிக்கு மேல செடித் தண்டுலயோ சுவத்துலயோ ஒட்டியிருக்கும், தூரத்துல இருந்தே தெரியும். நான் போற தோட்டங்கள்ல இதுவரைக்கும் கண்ணுல படல.

நீங்க பாத்தீங்கன்னா வெறுங்கையால தொடாதீங்க, அந்த முட்டையில வெசம் இருக்கு. பக்கத்துல ஒரு ரூபா காசு வெச்சு, இல்ல கை எட்டலன்னா ஒரு குச்சி வெச்சு, முட்டை, செடி, குட்டை மூணும் தெரியற மாதிரி போட்டோ எடுங்க. தருமபுரிக்காரங்க பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், கிருஷ்ணகிரிக்காரங்க எலுமிச்சங்கிரி நிலையத்துக்கும் அனுப்புங்க, மீன்வளத்துறை ஆபீஸுலயும் காட்டுங்க. அவங்க வந்து பாக்கற வரைக்கும் ஒரு கொத்த அப்படியே விட்டுட்டு மத்தத ஒரு தகரத்தால சொரண்டி கவர்ல போட்டு நசுக்கிடுங்க, முக்கியமா அந்தக் குட்டையில இருந்து செடி, வலை, பக்கெட்டு, மீன் எதுவும் வெளிய போகாம பாத்துக்கங்க.